சொல்லும் காட்சியும்: தியடோர் பாஸ்கரனாரின் திரைத் திறனாய்வும் கம்பம் பள்ளத்தாக்கும்

தமிழ்த்துறைகளில் திரைப்படம் ஆய்வுக்குரிய பொருளாக ஏற்கப்பட்டுச் சில பத்தாண்டுகள் கழிந்தன. எனினும் அவ்வாய்வுகள் பலவற்றுள் திரைப்படத்தைக் காண்டல் அரிது. பாடலாசிரியர் ஒருவரின் உவமைகளைத் தொகுத்து வகைப்படுத்துதல், உரையாடலில் பயிலும் பழமொழிகளை எண்ணுதல், கதைமாந்தரின் ஒழுக்கத்தை அறநூல்களோடு ஒப்பிடுதல் என்பனவே பெரும்பான்மையாக நிகழ்கின்றன. பாட்டுப் புத்தகமும் கதைவசன நூலும் கையில் இருப்பின், படத்தை ஒருமுறையேனும் காணாதார் ஒருவரும் இத்தகைய ஆய்வேட்டை எழுதி முடித்தல் கூடும். செய்யுளைப் படியாது செய்யுளாராய்ச்சி செய்வாரை நாம் ஒப்புவதில்லை. படத்தைக் காணாது படவாராய்ச்சி செய்வாரை மட்டும் ஒப்புகின்றோம்.

இக்குறையை நெடுங்காலமாக எடுத்துரைத்து வருவாருள் தலைநிற்பவர் திரு. சு. தியடோர் பாஸ்கரனார். 1940இல் தாராபுரத்தில் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வரலாறு பயின்று, அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்றவர். 1998 முதல் 2001 வரை சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் இயக்குநராக இருந்தார். திரைப்படம் பற்றி வகுப்பெடுத்த ஆசிரியர் என்னும் நிலையிலும் மாணாக்கர் அவரை அறிவர். 1981இல் வெளியான அவருடைய ஆங்கில நூல் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’, நாட்டு விடுதலை இயக்கத்தில் நாடகமும் இசைத்தட்டும் திரைப்படமும் பெற்ற பங்கினை ஆராய்வது. 1996இல் வெளியான ‘தி ஐ ஆஃப் தி சர்ப்பெண்ட்’ தமிழ்த் திரைப்படத்துக்கு ஓர் அறிமுக நூல். சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருது பெற்றது. ‘எம் தமிழர் செய்த படம்’ முதலாகத் தமிழிலும் கட்டுரை நூல்கள் பல. அவரே பறவைகளையும் காட்டுயிர்களையும் பற்றி இனிய தமிழில் எழுதுபவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பறவையைக் காண்பான் தன் கண்ணை நம்பியே பேசல் வேண்டும். பாஸ்கரனாரின் திரைத் திறனாய்விலும் கண்ணின் ஆட்சியே மிகுதி.

அவர்தம் கோட்பாட்டைச் சுருங்கக் கூறின், தமிழ்த் திரைப்படம் நாடகக் கம்பெனிகளின் வழித்தோன்றலாக வளர்ந்தமையால் சொல்லுக்கு அடிமையாயிற்று என்பதாகும். 1931இல் படம் பேசத் தொடங்கியவுடன் மேடை நடிகரும் மேடைப் பாடலும் மேடை உரையாடலும் ஒருங்கே திரைக்கு வந்தன. ஒளிப்பதிவுக் கருவி, மேடைக்கு எதிரே முதல் வரிசையில் அமர்ந்த பார்வையாளனைப் போல அசையாது நின்றது. காட்சியால் உணர்த்தற்குரியவை சொல்லால் உரைக்கப்பட்டன. திறனாய்வாளரும் இதே வழியில் சென்று கதையையும் கருத்தையும் பாடலையும் பேசினரேயன்றி, திரைப்படத்துக்கே உரிய மொழியைப் பேசினாரல்லர். கற்றோர் நீண்ட காலம் திரைப்படத்தை இழிவாக எண்ணி விலக்கியதும் இதற்கு ஒரு காரணம்.

இக்கோட்பாடு வரலாற்றுச் சான்றுகளால் வலுப்பெற்றது. இதன் மெய்ம்மையை ஐயுற இடமில்லை. 1952இல் வெளியான ‘பராசக்தி’யின் வசனம் இசைத்தட்டாகவும் நூலாகவும் பரவியது. அவ்வசனத்தை நெஞ்சில் நிறுத்திய பல்லாயிரவருள், அந்த வழக்குமன்றக் காட்சியில் ஒளிப்பதிவுக் கருவி எங்கே நின்றது எனக் கூறவல்லார் சிலரே. இரண்டாண்டு கழித்து, 1954இல், எசு. பாலசந்தர் பாடல் ஒன்றுமின்றி ‘அந்த நாள்’ என்னும் படத்தை ஆக்கினார். ஒளியும் நிழலும் அப்படத்தில் சான்றுரைக்கின்றன. ஆயினும் அவ்வழியில் தொடர்ந்தோர் அரியர்.

பாஸ்கரனாரின் ஆராய்ச்சியில் யாம் பெரிதும் மதிப்பது ‘தியாகபூமி’ போன்ற படங்களை அவர் மீட்டளித்த முறையாகும். கே. சுப்பிரமணியம் இயக்கிய அப்படம் 1939இல் வெளிவந்தது. பின்னர் ஆங்கில அரசால் தடை செய்யப்பட்டது. கல்கியின் கதை ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்தபோது படத்தின் நிழற்படங்களே அத்தொடரின் ஓவியங்களாக அமைந்தன. நாவலும் படமும் உடன்பிறந்தன போல வளர்ந்தமையின், ஈண்டு எது மூலம், எது வழி எனக் கேட்டல் பொருந்தாது. இலக்கியத்திலிருந்து திரைப்படம் கடன் பெறும் என்றே எழுதிப் பழகிய நமக்கு இச்செய்தி ஒரு திருத்தம். தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப் படங்களுள் 1933ஆம் ஆண்டின் ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே எஞ்சியது என்பதும் அவர் எழுத்துகளால் பலரும் அறிந்த உண்மை. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதா’ஸின் படச்சுருளும் இன்று இல்லை. படம் அழிந்தபின் எஞ்சுவது பாட்டுப் புத்தகமே ஆதலின், அழிந்த காலத்தைப் பற்றிய ஆய்வு சொல்லாராய்ச்சியாகவே அமைதல் தவிர்க்க இயலாதது. ஆனால் படச்சுருள் கைக்கெட்டும் காலத்துப் படங்களையும் அவ்வாறே ஆராய்வதற்கு யாது நியாயம் உளது?

இதுகாறும் அவரோடு உடன்பட்டோம். இனி, இக்கோட்பாடு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதை ஒரு நிலப்பகுதியின்கண் வைத்துச் சோதிப்பாம். அதற்குத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கையும் அதன் அயலையும் தெரிந்துகொள்ளுகின்றோம். அல்லிநகரத்துப் பாரதிராஜாவும், பண்ணைப்புரத்து இளையராஜாவும், வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவும் இந்நிலத்தார் என்பதை அறியாதார் இலர். அவர்தம் புகழை ஈண்டு விரித்தல் எம் கருத்தன்று. தமிழ்ப் படத்தில் ‘கிராமம்’ என்று ஒன்று 1977க்குப் பின் தோன்றிற்றாயின், அதன் மண் இவ்வூர்களின் மண் என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. அக்கருத்து எவ்வளவு உண்மை என்பதே வினா.

இப்பள்ளத்தாக்கின் நடுவே சின்னமனூரையும் குச்சனூரையும் அடுத்து மார்க்கையன்கோட்டை அமைந்துள்ளது. 1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்ட பின்னர் முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நிலம் இப்பள்ளத்தாக்கில் உண்டு. மார்க்கையன்கோட்டை அத்தகைய நெல்லூர்களுள் ஒன்று. வயல்வரப்பில் நின்று மேற்கே நோக்கின் மலைத்தொடர் தோன்றும், அம்மலைமேல் ஏலத்தோட்டங்கள். ஆற்றுப்பாய்ச்சல் எட்டாத மேட்டில் மானாவாரிப் புன்செய். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் ஒருநாள் நடையில் அடங்கும் நிலம் இஃது. திணைக் கோட்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் வாய்ப்பான நிலம் கிடைத்தல் அரிது.

பாரதிராஜாவின் முதற்படம் ‘16 வயதினிலே’ 1977இல் வெளிவந்தது. படப்பிடிப்பு அரங்கை விட்டு வெளியேறி உண்மையான ஊரைக் காட்டிய படம் என்று அதனைப் போற்றுவர். தேனிச் சீமையின் மண்மணம் அதில் கமழ்கின்றது என்பர். ஆயின் அப்படம் பெரும்பாலும் எடுக்கப்பட்ட இடம் கர்நாடக மாநிலத்துக் கொள்ளேகால் பகுதியாகும். நிவாஸின் ஒளிப்பதிவுக் கருவி கண்ட வயலும் மரமும் குடிசையும் நம் பள்ளத்தாக்கின் வயலும் மரமும் குடிசையும் அல்ல. இஃது எவரும் மறைத்த செய்தியன்று. எனினும் திறனாய்வாளர் இதன் விளைவை எண்ணிப் பார்த்தாரல்லர்.

எண்ணிப் பார்ப்பின், கண்ணை மட்டும் அளவையாகக் கொள்ளும் கோட்பாட்டுக்கு ஈண்டு ஒரு தடை நேர்கின்றது. திரையிற் கண்ட நிலம் வேறொரு நிலமாயின், பார்வையாளர் அதனைத் தம் ஊராக ஏற்றது எதனால்? செவியால் என்பதே விடை. காந்திமதி நடித்த குருவம்மாளின் வசையும் புலம்பலும், கலைமணியின் உரையாடலில் வரும் ஊர்ப்பேச்சின் வழக்கும், இளையராஜாவின் இசையும் சேர்ந்து கொள்ளேகாலைத் தமிழகத்துத் தென்னிலமாக மாற்றின. கண் கண்டது கன்னட நாட்டு மண். காது கேட்டது தன் ஊர். பார்வையாளன் காதையே நம்பினான். நாடக மேடையின் நீங்காத நோய் எனப் பாஸ்கரனார் கருதிய அதே சொல், ஈண்டு நிலத்தைப் படைக்கும் ஆற்றலாயிற்று. மேடை வசனமும் ஊர்ப்பேச்சும் ஒன்றல்ல என அவர் சார்பில் விடை கூறலாம். அவ்விடையை ஏற்கின்றோம். ஆனால் அவ்விடை, சொல்லை விலக்குமாறு கூறாமல், சொல்லின் வகைகளைப் பிரித்தறியுமாறு நம்மைப் பணிக்கின்றது. அப்பிரிப்பினை அவர் நூல்கள் போதிய அளவு செய்தில.

இடம் மாறியது குற்றமோ எனின், அதற்குத் தொல்காப்பியத்தை நாடலாம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றும் ஒன்றின் ஒன்று முறையே சிறந்தவை என்பதும், உரிப்பொருள் அல்லாதன மயங்குதல் கூடும் என்பதும், இரண்டு நிலம் ஒருங்கு மயங்குதல் இல்லை என்பதும் அகத்திணையியல் நமக்குத் தரும் அளவைகள். உரையாசிரியர் இவற்றின் எல்லையில் வேறுபடுவர். அவ்வேறுபாடு ஈண்டு வேண்டா. ‘16 வயதினிலே’ இருநிலத்தை ஒருங்கு காட்டவில்லை. ஒரு நிலத்தின் இடத்தில் மற்றொன்றை நிறுத்தியது. உரிப்பொருள் நிலைபெற்றதா என்பதே கேட்கத்தக்கது.

படம் ஒரு புகைவண்டி நிலையத்தில் தொடங்குகின்றது. மயில் என்னும் பெண் வரும் வண்டியை நோக்கி நிற்கின்றாள். சிறை சென்ற சப்பாணியின் மீட்சிக்காக அவள் காத்திருக்கின்றாள் என்பது கதை முழுதும் நினைவாக விரிந்து முடிந்தபின் நமக்குத் தெளிவாகின்றது. இறுதியிலும் அவள் அங்கேயே நிற்கின்றாள். இருத்தல் முல்லையின் உரிப்பொருள். ஆனால் இங்கே காடும் இல்லை, கார்காலமும் இல்லை. இருப்புப் பாதையே உள்ளது. முல்லைத் தலைவிக்கு மீட்சியில் உறுதி உண்டு. மயிலுக்கு அவ்வுறுதியைப் படம் கொடுக்கவில்லை. ஆகவே அவள் இருத்தல் நெய்தலின் இரங்கலை நோக்கிச் சாய்கின்றது. இச்சாய்வினை உரைக்க உரையாடல் வேண்டியதில்லை. வண்டி வருதலும் போதலும் அவள் நிற்றலும் போதும். பாஸ்கரனார் வேண்டும் காட்சிமொழி இதுவே. அதே படத்தில் நிலத்தைச் செவியும் உணர்வைக் கண்ணும் பகிர்ந்துகொண்டு செயற்படுதல் எம் கவனத்துக்குரியது. சொல்லா காட்சியா எனக் கேட்டு ஒன்றைத் தள்ளுதல் இப்படத்துக்குப் பொருந்தாது.

பாஸ்கரனாரின் முறையிலேயே ஒரு குறை உண்டென்பது எம் துணிபு. அவர் அடிப்படையில் வரலாற்றறிஞர். ஒரு படம் எச்சூழலில் தோன்றியது, எவ்வாறு தடுக்கப்பட்டது, யார் கண்டனர் என்பவற்றை ஆராய்கையில் அவர்க்கு நிகர் அரியர். 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவியுடன் ஊர் ஊராகச் சென்ற கதை முதல் கொட்டகைகளின் சமூக வரலாறு வரை அவர் எழுதியவை நெடுநாள் நிற்கும். திரைக்கொட்டகை எல்லாச் சாதியாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் இடம் என்பதைக் கா. சிவத்தம்பி 1981இல் வெளியான தம் சிறுநூலில் வற்புறுத்தினார். அக்கருத்தோடு இணைத்துப் படிக்கையில் பாஸ்கரனாரின் செய்திகள் மேலும் பொருள்படும். ஆனால் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அஃது எங்கே தொடங்குகின்றது, எதனை அண்மையிற் காட்டுகின்றது, எங்கே வெட்டப்படுகின்றது, அவ்வெட்டு யாது செய்கின்றது என நுணுகி ஆராயும் பகுதிகள் அவர் நூல்களில் குறைவு. காட்சி முதன்மை என்பவர் காட்சியைச் சிறிதே காட்டுகின்றார். புனேயில் 1960இல் திரைப்பட நிறுவனமும் 1964இல் தேசியத் திரைப்படக் காப்பகமும் அமைந்த பின்னர், சதீஷ் பகதூர் அங்கே ‘பதேர் பாஞ்சாலி’யைக் காட்சி காட்சியாகப் பிரித்துக் கற்பித்த முறை தமிழில் வேரூன்றவில்லை. ‘ஷாட்’ என்னும் சொல்லுக்கே எல்லாரும் ஒப்பிய தமிழ்ச்சொல் நம்மிடை நிலைபெறவில்லை என்பதைக் கொண்டு இதனை உணரலாம்.

அத்தகைய நுண்ணாய்வுக்குத் தமிழ் இலக்கியத் திறனாய்வில் ஒரு முன்னோடி உண்டு. அவரும் இப்பள்ளத்தாக்கோடு தொடர்புடையவர். தம் பெயரின் முன்னெழுத்தில் சின்னமனூரைத் தாங்கிய சி. சு. செல்லப்பா, 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ இதழை நடத்தி, படைப்பைப் பகுதி பகுதியாக அலசும் முறையை வற்புறுத்தினார். பாராட்டும் பழியும் திறனாய்வு ஆகா என்பது அவர் கொள்கை. அவர் எழுதிய குறுநாவலாகிய ‘வாடிவாசல்’ ஒரு மாலைப்பொழுதில் நிகழும் ஏறுதழுவலை மட்டும் கூறுவது. தந்தையைக் கொன்ற காரிக்காளையைப் பிச்சி அணைகின்றான். இறுதியில் ஜமீன்தார் அக்காளையைச் சுட்டு வீழ்த்துகின்றார். கதை இவ்வளவே. காளையின் கொம்பும் திமிலும், பிச்சியின் காலடியும், கூட்டத்தின் இரைச்சலும் எந்த வரிசையில் நம்முன் நிறுத்தப்படுகின்றன என்பதே அதன் கலை. அருகில் காட்டி, விலக்கிக் காட்டி, காத்திருக்கச் செய்யும் அவ்வரிசை படத்தொகுப்பாளன் கைவண்ணத்தை ஒத்தது. அவ்வாறாயின் காட்சி சொல்லின் பகையன்று. தேர்ந்த உரைநடையில் சொல்லே காட்சி ஆகின்றது. ஆசிரியர் படம் எடுத்தாரல்லர். ஆயினும் பாஸ்கரனார் திரையில் வேண்டியதை ஏட்டில் செய்தார். ‘வாடிவாச’லை முதுகலை மாணாக்கர் இவ்வாறு அலசிப் பழகின், திரைப்படத்தை அலசுதற்குரிய பயிற்சி அவர்க்குத் தானே வாய்க்கும். அதற்கெனப் புதுத்துறை வேண்டியதில்லை.

(சின்னமனூர்ச் செப்பேடுகள் மாபாரதம் தமிழாக்கப்பட்டமையையும் மதுரையில் சங்கம் நிறுவப்பட்டமையையும் குறிப்பிடுகின்றன. ஒரு வடிவிலுள்ள கதையை மற்றொன்றில் பெயர்த்தமைப்பதை அரசின் அருஞ்செயலாகப் பாண்டியர் பதிந்த இடமும் இதுவே. தழுவலை இழிவெனக் கருதும் திரைத் திறனாய்வாளர் இதனை நினைவிற் கொள்வாராக.)

இனி, 2018இல் வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை நோக்குவாம். லெனின் பாரதி இயக்கியது, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர், இசை இளையராஜா. இப்படம் வேற்றிடத்தை நாடவில்லை, இம்மலையடிவாரத்தையே காட்டியது. நிலமற்ற கூலியாகிய ரங்கசாமி மலைமேலுள்ள ஏலத்தோட்டங்களுக்கும் அடிவாரத்துக்கும் இடையே சுமை சுமந்து நடக்கின்றான். ஒரு துண்டு நிலம் வாங்குதல் அவன் வேட்கை. படத்தின் முற்பகுதியில் கதை என ஒன்றும் விரைந்து நிகழ்வதில்லை, நடையே நிகழ்கின்றது. ஏற்றத்தின் செங்குத்தும் சுமையின் கனமும் ஓய்வு கொள்ளும் இடங்களும் நமக்கு நேரத்தால் உணர்த்தப்படுகின்றன. நிலம் வாங்கும் பொருட்டு அவன் முதலிட்ட ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறும் காட்சியில் யாரும் விளக்கவுரை கூறவில்லை; கூறியிருப்பின் கெட்டிருக்கும். பின்னர் நிலம் கிடைத்து, கடனுக்கு வாங்கிய விதையாலும் உரத்தாலும் அது கைவிட்டுப் போகின்றது. தான் உழுத நிலத்தில் நட்ட காற்றாலைக்குக் காவலாளாக ரங்கசாமி அமர்ந்திருக்க, ஒளிப்பதிவுக் கருவி மேலெழுந்து அவனைச் சிறிதாக்கிக் காற்றாலைகளை விரித்துக் காட்டுவதோடு படம் முடிகின்றது.

‘16 வயதினிலே’ செவியால் நிலத்தைப் படைத்தது. இப்படம் காலால் படைத்தது. தமிழ்த் திரை சொல்லிலிருந்து விடுபடல் வேண்டும் என்னும் பாஸ்கரனாரின் விருப்பத்துக்கு இதனினும் நல்ல விடை அரிது. ஆயினும் அவ்விறுதிக் காட்சியை யாம் முற்றும் ஏற்கவில்லை. படம் முழுதும் மனிதனின் தோளுயரத்தில் நடந்த கருவி, இறுதியில் பறவையின் உயரத்துக்குச் சென்றவுடன், ரங்கசாமியின் இழப்பு ஒரு கருத்தாகச் சுருங்குகின்றது. அவன் முகத்தை விட்டு அவன் வழக்கைக் காட்டுகின்றது. சொல்லப்படாத வசனம் ஒன்று அவ்வுயரத்தில் ஒலிப்பது போலத் தோன்றுகின்றது. வாயால் பேசாமலும் காட்சி மேடைப்பேச்சு ஆதல் கூடும் என்பதற்கு இஃதொரு சான்று. பாஸ்கரனாரின் கோட்பாடு வாய்ப்பேச்சை மட்டும் ஐயுறுவது. காட்சியின் பேச்சையும் ஐயுறுதல் வேண்டும் என்பது யாம் அதனோடு சேர்க்க விழையும் திருத்தம்.

மேட்டு நிலமும் மலையும் இவ்வாறு திரையில் இடம்பெற, இரண்டுக்கும் இடையிலுள்ள மருதம் எங்கே? மார்க்கையன்கோட்டை போன்ற ஊர்களின் நெல்வயல் தமிழ்ப் படங்களில் பன்முறை தோன்றியுள்ளது. ஆனால் பெரும்பாலும் பாடற் காட்சியின் பின்புலமாகவே தோன்றியது. காதலர் வரப்பில் ஓடுவர். நாற்று நடுவோர் வரிசையாகக் குனிந்து இசைக்கு இசைய அசைவர். மதகு திறக்கும் நாளைக் காத்திருத்தலும், கடைமடைக்கு நீர் எட்டுமோ என்னும் கலக்கமும், வாய்க்கால் தலைப்பில் இரவெல்லாம் விழித்திருத்தலும், முதற்போகத்து விளைச்சல் ஆலைக்குச் செல்லும்போது நடக்கும் விலைப்பேச்சும் அவற்றில் காணப்படுதல் அரிது. முதற்பொருள் உண்டு, கருப்பொருளும் உண்டு, உரிப்பொருள் இல்லை. மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்பர். தலைவன் தலைவியரிடை நிகழும் ஊடலே நூல் கருதியது. ஆயினும் நீரைப் பகிர்ந்துகொள்ளும் ஊர்களிடையேயும், மேல்மடைக்கும் கடைமடைக்கும் இடையேயும் நிகழும் பிணக்கும் தெளிவும் அதே அமைப்பின என்பதை அந்நிலத்தார் அறிவர். இதனைக் காட்ட வாய்ப்பேச்சும் வேண்டும். நீர் ஏறும் அளவைக் காட்டும் கண்ணும் வேண்டும். விடியுமுன் மதகில் கேட்கும் ஒலியும் வேண்டும். மூன்றையும் ஒருங்கே கையாண்ட படம் ஒன்று வருமாயின், அதனை அளக்கப் பாஸ்கரனாரின் அளவுகோலோடு செல்லப்பாவின் அலசலும் நம் மாணாக்கர் கையில் இருத்தல் வேண்டும்.